அதிகாலை நாலு மணித் தண்ணீர்: மீன் ஆராய்ச்சி நிலையத்தில் 45 நாட்கள்

நான் விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி. பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா பத்து வருடமாக ரசாயனம் போடாமல் நெல்லும் கடலையும் வாழையும் போடுகிறார். இந்தப் பத்திரிகை எங்கள் வீட்டுத் திண்ணையில் எப்போதும் கிடக்கும். இதில் நானே எழுதுவேன் என்று நினைத்ததில்லை. எங்கள் வீட்டில் நடந்த ஒரு தவறு இன்னொரு வீட்டில் நடக்க வேண்டாம் என்பதால்தான் எழுதுகிறேன்.

செத்து மிதந்த மீன்கள்

எங்களிடம் 10 சென்ட் பரப்பில் ஒரு பண்ணைக்குட்டை இருக்கிறது. வாழைக்குத் தண்ணீர் வேண்டும் என்று வெட்டியது. இரண்டு வருடத்துக்கு முன்னால், "தண்ணி சும்மாதானே கெடக்குது, மீன் விட்டா என்ன?" என்று அப்பா ஆரம்பித்தார். வண்டியில் வந்த வியாபாரியிடம் 1,500 குஞ்சு வாங்கி விட்டார். "மீனுக்குச் சாணி நல்லது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு டிராக்டர் டிப்பர் பச்சைச் சாணியைக் குட்டையில் தள்ளினார். குறைந்தது இரண்டு டன் இருக்கும். இயற்கை உரம்தானே, என்ன கெடுதல் வந்துவிடும் என்ற நம்பிக்கை.

தண்ணீர் நல்ல பச்சையானது. மீனும் வளர்ந்தது. ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. நாலாம் நாள் விடிந்தபோது குட்டை முழுக்க வெள்ளை வெள்ளையாக மிதந்தது. அப்பாயி வரப்பில் உட்கார்ந்து, "யாரோ கண்ணு வச்சுட்டாங்கய்யா" என்று அழுதது. அப்பா பக்கத்து வயல்காரர் பூச்சிமருந்து அடித்த தண்ணீர் வந்து கலந்துவிட்டது என்றே முடிவு கட்டினார். அவரோடு பேச்சும் நின்றது. "மீனும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று குட்டைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

போன வருடம் கல்லூரியில் 45 நாள் இன்டர்ன்ஷிப் போகச் சொன்னார்கள். தோழிகள் எல்லாம் ஆஸ்பத்திரி ஆய்வகத்துக்கு எழுதிப் போட்டார்கள். நான் நன்னீர் மீன் ஆராய்ச்சி நிலையம் ஒன்றுக்கு எழுதிப் போட்டேன். வீட்டில் சொன்னதும் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. காரணம் செத்த மீன் மட்டுமில்லை.

எங்கள் மாமா ஊர் நாகப்பட்டினம் கடலோரம். 1990-களில் அங்கே இறால் குட்டைகள் வந்தன. கடல் தண்ணீரை வயல் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மாமா வீட்டுக் கிணறு உப்பானது, நெல் வயல் போனது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டதை அப்பா இன்றைக்கும் தேதியோடு சொல்வார். "நிலத்தை அழிச்சவனுங்க கிட்டப் போய் என்ன பாப்பா படிக்கப் போற?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. "நம்ம மீன் ஏன் செத்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு வரேம்ப்பா" என்று மட்டும் சொன்னேன்.

கலர் சொல்லும் சேதி

வைகாசிக் கடைசியில் போய்ச் சேர்ந்தேன். வெள்ளைக் கோட்டு, மைக்ராஸ்கோப் என்று கற்பனை செய்துகொண்டு போனேன். முதல் வாரம் சாணி கரைத்தேன், வலை அலசினேன், தவிடும் புண்ணாக்கும் எடை போட்டேன். வீட்டில் செய்யும் வேலைதான்.

அங்கே மூன்று குளங்களில் ஓர் ஆய்வு நடந்தது. ஒன்றுக்குப் பச்சைச் சாணி, ஒன்றுக்கு சாண எரிவாயுக் கலனிலிருந்து வரும் கழிவுக் கரைசல், ஒன்றுக்கு வெறும் தீவனம். எதில் மீன் எப்படி வளர்கிறது, தண்ணீர் என்ன ஆகிறது என்று பார்ப்பது. எனக்குக் கொடுத்த பொறுப்பு தண்ணீர். ஒரு நாளைக்கு இரண்டு முறை, பிற்பகல் மூன்று மணிக்கும் அதிகாலை நாலு மணிக்கும், மூன்று குளத்திலும் கரைந்திருக்கும் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும்.

மீட்டர் இருந்தது. உள்ளே விட்டால் எண் காட்டும். ஆனால் என் வழிகாட்டி மேடம், "முதல்ல பாட்டில்ல பண்ணு. மீட்டர் பொய் சொன்னா உனக்குக் கண்டுபிடிக்கத் தெரியணும்" என்றார். வின்க்ளர் முறை என்று பெயர். கண்ணாடிப் பாட்டிலில் காற்றுக் குமிழி புகாமல் குளத்துத் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். இரண்டு மருந்துக் கரைசல் விட்டால், தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் வண்டல் விழும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் வண்டல் வெள்ளையாகவே நிற்கும். பழுப்பு வந்தபின் அமிலம் விட்டுக் கரைத்து எவ்வளவு என்று அளப்பார்கள்.

முதல் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு சாணிக் குளத்துப் பாட்டிலில் காப்பிப் பொடி நிறத்தில் வண்டல் விழுந்தது. மறுநாள் அதிகாலை நாலு மணிக்கு அதே குளத்துத் தண்ணீர் வெளிர் மஞ்சளாகத்தான் வந்தது. நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று மறுபடி எடுத்தேன். அதேதான்.

மேடம் கரையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். குளத்துத் தண்ணீர் பச்சையாக இருப்பது கண்ணுக்குத் தெரியாத பாசிகளால். பகலில் வெயில் பட்டால் அவை ஆக்சிஜனை வெளியே விடும். அதனால் பிற்பகலில் ஆக்சிஜன் உச்சத்தில் இருக்கும். பொழுது சாய்ந்ததும் அது நின்றுபோகும், ஆனால் பாசியும் நம்மைப் போல எப்போதும் மூச்சு விடும், ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மீனும் எடுக்கும். அடியில் கிடக்கும் சாணியை மக்கவைக்கும் நுண்ணுயிர்களும் நிறைய எடுக்கும். வரவு நின்றுபோய் செலவு மட்டும் விடிய விடிய நடக்கிறது. விடிவதற்குச் சற்று முன்தான் இருப்பு ஆகக் குறைவு. லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் மீன் நன்றாக இருக்கும். 3-க்குக் கீழே போனால் தவிக்கும். 1-க்குப் பக்கத்தில் போனால் சாவுதான்.

"மேகமூட்டமா இருந்தா?" என்று கேட்டேன்.

"பகல்லயும் வரவு கம்மி. ராத்திரிச் செலவு அப்படியேதான். ரெண்டு மூணு நாள் தொடர்ந்து வெயில் இல்லேன்னா கெண்டைக் குளத்துக்காரன் தூங்கக் கூடாது" என்றார்.

எனக்குக் கை நடுங்கியது. எங்கள் ஐப்பசிக் குட்டை கண்முன் வந்து நின்றது. பக்கத்து வயல்காரர் முகமும் வந்தது.

நான் எழுதிய பொய்

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் நான் செய்த காரியத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பத்தொன்பதாம் நாள். முந்தின நாள் முழுக்க மழை. வெயிலே இல்லை. ராத்திரி நனைந்துகொண்டே வேலை பார்த்த அசதியில் நாலு மணி அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். ஆறு மணிக்கு எழுந்தேன். பயம். நோட்டைப் பார்த்தேன். முந்தைய நாட்களில் சாணிக் குளத்தில் 4.6, 4.9 என்று இருந்தது. நடுவில் ஓர் எண்ணாக 4.8 என்று எழுதி, மற்ற இரண்டுக்கும் பொருத்தமாக ஏதோ எழுதி வைத்தேன்.

வெளியே வந்தால் சாணிக் குளத்தில் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. வலை இழுக்கும் அண்ணன் ஒருவர் அங்கே முப்பது வருடமாக வேலை பார்க்கிறார். அஞ்சரைக்குக் குளத்தைச் சுற்ற வந்தவர், மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருப்பதைப் பார்த்து பம்பைப் போட்டு, தண்ணீரை உயரத்திலிருந்து குளத்திலேயே கொட்டவிட்டிருக்கிறார். பதினோரு மீன் செத்தது. மற்றதெல்லாம் பிழைத்தது அவரால்தான்.

மேடம் நோட்டை வாங்கிப் பார்த்தார். "நாலு மணிக்கு 4.8 இருந்த குளத்துல அஞ்சரைக்கு மீன் வாய் பிளக்குமா?" என்று கேட்டார். சத்தமே போடவில்லை. நான் அழுதுவிட்டேன். அவர் சிவப்பு மையால் அந்த வரியை அடித்து, பக்கத்தில் "பார்க்கவில்லை" என்று எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

"பாக்கலேன்னா பாக்கலேன்னு எழுது. காலி இடத்தால ஆராய்ச்சி கெடாது. பொய்யா ஒரு எண்ணு இருந்தா மொத்தமும் கெடும். நாளைக்கு ஒரு விவசாயி இதை நம்பி சாணி போடுவாரு. அவரு குளத்துல மீன் செத்தா யாரு பொறுப்பு?"

அதற்குப் பிறகு ஒரு நாலு மணியும் நான் தவறவிடவில்லை. வலைக்கார அண்ணனும் எனக்கு ஒரு பாடம் சொன்னார். "பாப்பா, மீட்டரு இல்லாதவனுக்கு மீனுதான் மீட்டரு. ஆள் வர்ற சத்தம் கேட்டதும் உள்ள ஓடுனா நல்லா இருக்குன்னு அர்த்தம். கைதட்டியும் ஓடாம வாயைப் பிளந்துக்கிட்டே நின்னா ஒடனே பம்பைப் போடு, அன்னைக்குத் தீவனம் போடாத."

ஒரு போன்

அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். பச்சைச் சாணி ஓர் எக்டேருக்கு ஆண்டு முழுவதற்கும் 10 முதல் 15 டன். அதில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் முதலில் போட்டு, மிச்சத்தைத் தவணை தவணையாகப் போட வேண்டும். எங்கள் 10 சென்ட் குட்டை 0.04 எக்டேர். ஆண்டுக்கே 400 முதல் 600 கிலோதான். முதல் தவணை 100 கிலோ. அப்பா ஒரே நாளில் தள்ளியது 2,000 கிலோ. மீனும் அப்படித்தான். 200, அதிகம் போனால் 300 விட வேண்டிய இடத்தில் 1,500.

அப்பாவுக்குப் போன் போட்டேன். எப்படிச் சொல்வது? மண்ணை அவ்வளவு நேசிக்கிற மனிதரிடம், உன் மீனைக் கொன்றது மருந்து இல்லை, உன் சாணிதான் என்று எப்படிச் சொல்ல? முதலில் நான் எழுதிய பொய்யைச் சொன்னேன். பிறகு இந்தக் கணக்கைச் சொன்னேன். பக்கத்து வயலில் அடித்தது நிச்சயமாகக் காரணம் இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் அந்த மூன்று நாள் மேகத்தில் நம் சாணியே போதும், மருந்து தேவையில்லை என்றேன்.

ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "வயல்ல போட்டா காத்தோட்டமா மக்குது. தண்ணிக்குள்ள போட்டா அதுக்கு மூச்சு எங்கேருந்து வரும், மீனோடதைத்தான் புடுங்கும்" என்றார். நான் மூன்று வாரத்தில் படித்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் பக்கத்து வயல்காரர் வீட்டுக்கு அப்பாவே போய் வந்தார் என்று அம்மா சொன்னது.

ஆனி மாதக் குஞ்சுகள்

மீதி நாட்களில் பார்த்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஆற்று மீன்கள். தேங்கிய குளத்தில் தானாக முட்டையிடாது. முன்பெல்லாம் ஆற்றில் வெள்ளம் வரும்போது குஞ்சு பிடித்துத்தான் வளர்த்தார்கள். 1957 ஜூலை 10-ல் ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சவுத்ரியும் கே.எச். அலிகுன்ஹியும் மீனின் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டு இந்தப் பெருங்கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். அதனால்தான் ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் தினம். இன்றைக்குச் சுரப்பிச் சாற்றுக்குப் பதில் தயார் ஊசி மருந்து.

ஊசி போட்டு ஹாப்பா என்னும் துணித்தொட்டியில் விட்ட மீன் அன்று இரவே முட்டையிட்டது. 14 முதல் 18 மணி நேரத்தில் பொரிந்தது. மூன்று நாளில் மஞ்சள் பை கரைந்து குஞ்சு இரை தேட ஆரம்பிக்கும். அப்போது நாற்றங்கால் குளத்தில் விடுவார்கள். அங்கே முதுகுநீச்சல் போடும் பூச்சிகள் குஞ்சைக் கடித்து உறிஞ்சும். அதற்கு மருந்து அடிக்கவில்லை. மலிவான சமையல் எண்ணெயையும் சோப்பையும் கரைத்துக் காற்று இல்லாத நேரத்தில் தண்ணீர் மேல் தெளித்தார்கள். எண்ணெய்ப் படலம் மூடி, மேலே வந்து மூச்சு வாங்கும் பூச்சி செத்துப்போகும். எக்டேருக்கு 56 கிலோ எண்ணெய், 18 கிலோ சோப்பு. குஞ்சு விடுவதற்கு முந்தின நாள் செய்ய வேண்டும்.

வேண்டாத மீனைக் கொல்லவும் இலுப்பைப் புண்ணாக்குதான் போட்டார்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு எக்டேருக்கு 2,500 கிலோ. அதிலிருக்கும் சப்போனின் மீனைக் கொல்லும். மூன்று வாரத்தில் நஞ்சு முறிந்து அதுவே உரமாகும். நம் தாத்தாக்கள் இலுப்பைப் பிண்ணாக்கை நன்றாக அறிந்தவர்கள். ஆராய்ச்சி நிலையம் அதற்கு அளவு கண்டுபிடித்திருக்கிறது.

மறுபடியும் எங்கள் குட்டை

ஊருக்கு வந்ததும் குட்டையைக் காயப்போட்டோம். அடிவண்டலை வாரி வாழைக்குப் போட்டோம். 10 கிலோ சுண்ணாம்பு தூவி, மழை நிரப்பியதும் 100 கிலோ சாணியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினோம். எங்கள் குட்டையில் ஏழு மாதம்தான் தண்ணீர் நிற்கும். அதனால் விரலிகளுக்குப் பதிலாக 100 கிராம் எடையுள்ள ஓராண்டுக் குஞ்சுகளை வாங்கினோம். இடநெருக்கடியில் வளராமல் நின்ற குஞ்சு, இடம் கிடைத்ததும் மளமளவென்று வளரும். மேல்மட்டத்துக்குக் கட்லா 80, நடுமட்டத்துக்கு ரோகு 60, அடிமட்டத்துக்கு மிர்கால் 60. ஆக மொத்தம் 200.

ஐப்பசி, கார்த்திகை முழுக்க அப்பா விடியலுக்கு முன்னால் டார்ச்சோடு குட்டைக்குப் போனார். மேகம் மூடிய நாளில் சாணியும் தீவனமும் நிறுத்தினார். இரண்டு நாள் மட்டும் மீன் மேலே வந்தது. மோட்டார் போட்டுச் சமாளித்தார்.

சித்திரையில் வலை இழுத்தோம். 139 மீன், 84 கிலோ. மிச்சம் 61 மீனைக் கொக்கும் மீன்கொத்தியும் தின்றிருக்கலாம், ராத்திரி யாராவது தூண்டிலும் போட்டிருக்கலாம். 20 கிலோ உறவுக்கும் பக்கத்து வயல்காரர் வீட்டுக்கும் போனது. 64 கிலோவைக் கரையிலேயே கிலோ 150 ரூபாய்க்கு விற்றோம். 9,600 ரூபாய். குஞ்சு, சுண்ணாம்பு, வலைக்கூலி என்று கையிலிருந்து போனது 3,400. சொந்தத் தவிட்டுக்கும் கடலைப் புண்ணாக்குக்கும் விலை போட்டால் இன்னொரு 3,000. மீன் பெரிய லாபம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வாழைக்குப் பாயும் தண்ணீரிலேயே உரம் கரைந்து போனது, வீட்டில் ஏழு பேரும் மருந்தில்லாத மீன் தின்றோம்.

குட்டை வைத்திருப்பவர்களுக்கு

நான் கற்றதில் உங்களுக்கு உடனே உதவுவது இவ்வளவுதான்:

- குட்டையில் கையை முழங்கை வரை விடுங்கள். முழங்கை மூழ்கும்போது உள்ளங்கை மறைந்தால் பச்சை சரியாக இருக்கிறது. மணிக்கட்டு மூழ்கும்போதே மறைந்தால் சாணியும் தீவனமும் நிறுத்துங்கள். உள்ளங்கை கடைசி வரை தெளிவாகத் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் சாணி தேவை.
- பச்சைச் சாணியை மொத்தமாகக் கொட்டாதீர்கள். எடை போட்டு, கரைத்து, தவணையாக ஊற்றுங்கள். சாண எரிவாயுக் கலன் இருந்தால் அதன் கழிவுக் கரைசல் இன்னும் நல்லது. அது ஏற்கெனவே மக்கியது, தண்ணீரின் ஆக்சிஜனைக் குறைவாகவே எடுக்கும்.
- தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவு. பையில் கட்டித் தொங்கவிட்டால் எவ்வளவு தின்றது என்று தெரியும்.
- பூச்சிவிரட்டி அடித்த டேங்கைக் குட்டையில் கழுவாதீர்கள். வேப்பெண்ணெயும் புகையிலைக் கரைசலும்கூட மீனுக்கு ஆகாது.
- வியாபாரி எது கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. குளம் உடைந்து ஏரிக்குப் போனால் நம் விரால், அயிரை எல்லாவற்றையும் தின்றுவிடும்.
- ஒரு நோட்டு வையுங்கள். என்ன போட்டீர்கள், என்றைக்கு மேகம், எத்தனை மீன் செத்தது என்று எழுதுங்கள். பார்க்காத நாளில் "பார்க்கவில்லை" என்றே எழுதுங்கள்.

எங்கள் வீட்டு நோட்டை அப்பாதான் எழுதுகிறார். மார்கழியில் ஒரு பக்கத்தில் "காய்ச்சல். குட்டைக்குப் போகவில்லை. பார்க்கவில்லை" என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறார். இந்த வருடம் மழை வந்து குட்டை நிரம்பியதும் மறுபடி 200 குஞ்சு விடப் போகிறோம். இந்த முறை கொக்குக்கு மேலே கயிறு கட்ட வேண்டும்.